பூச்சிக்கடிப் புண்ணு, சிவப்பு மேல ஏறுது: இப்பவே கிளம்பணுமா, காலையில போனாப் போதுமா?

மல்லிப்பட்டினம்காரி | செவ்வாய், இரவு 7:25

பையனுக்கு நாலு வயசு, எடை 15 கிலோ. முழங்காலுக்குக் கீழ ஏதோ பூச்சி கடிச்சு, சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கி வச்சிருந்தான். ஞாயித்துக்கிழமை சுத்திலும் சிவந்துச்சு. நேத்து சாயங்காலம் பட்டுக்கோட்டையில காட்டினோம். தோல்ல கிருமி ஏறியிருக்குன்னு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் சிரப் எழுதினாங்க. சிவப்போட ஓரத்துல பால்பாயின்ட் பேனாவால ஒரு கோடு போட்டுவிட்டு, "இதைத் தாண்டிப் போகுதான்னு பாரும்மா, நாளன்னைக்கு வா"ன்னாங்க.

நேத்து ராத்திரி ஒரு வேளை, காலையில ஒரு வேளை உள்ள போயிருக்கு. மத்தியானம் பார்த்தா கோட்டைத் தாண்டி ரெண்டு விரக்கடை மேல ஏறியிருக்கு. நேத்து காய்ச்சலே இல்லை, இப்ப 102. சாயங்கால மருந்தைக் குடுத்த உடனே கக்கிட்டான். நொண்டி நொண்டி நடந்தவன் இப்ப காலையே ஊன்ற மாட்டேங்கிறான்.

மாமியார், "இது அக்கி, விடிஞ்சதும் வேளார் வீட்டுக்குப் போயி காவி வச்சு எழுதிட்டா இறங்கிடும்"ங்கிறாங்க. வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்கார். இந்நேரத்துக்கு மேல தஞ்சாவூர் போனா திரும்பி வர வண்டி இருக்காது. காலையில போனாப் போதுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


காவேரிக்கரை | இரவு 7:31

கோடு போட்டதே அதுக்குத்தானேம்மா. தாண்டினா சொல்லணும்னுதான் போட்டிருப்பாங்க. அந்த டாக்டருக்கு போன் போட்டுப் பார்த்தீங்களா?


மல்லிப்பட்டினம்காரி | இரவு 7:33

சீட்டுல இருக்கிற நம்பர்ல யாரும் எடுக்கலை. கிளினிக் 7 மணியோட மூடிடுவாங்க.


கொங்குத்தாத்தா | இரவு 7:38

பயப்படாதீங்க கண்ணு. எம்பட பேத்திக்கும் இதேமாதிரி வந்துச்சுங்க. மருந்து ஆரம்பிச்ச மொத நாளு செவப்பு கொஞ்சம் பரவத்தான் செய்யும்னு டாக்டரே சொன்னாருங்க. ரெண்டாம் நாளு தானா வத்திருச்சு. ஒரு நாளு மருந்துக்கு நேரங்குடுக்கோணும். ராத்திரி நேரத்துல கொழந்தையத் தூக்கிட்டு அலைஞ்சா அதுக்கும் அசதி, உங்களுக்கும் அசதி.


நைட்ட்யூட்டி | இரவு 7:44

குழந்தைகள் வார்டுல நர்ஸா இருக்கேன். முதல்ல இதுக்கெல்லாம் சட்டுனு பதில் போடுங்க. மத்தியானத்துல இருந்து தண்ணியோ பாலோ எவ்வளவு குடிச்சான்? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்? உள்ளங்கை, பாதம் சூடா இருக்கா, சில்லுனு இருக்கா? காய்ச்சல் மருந்து குடுத்தீங்களா, குடுத்து ஒரு மணி நேரம் கழிச்சு எப்படி இருந்தான்? முழங்காலை நீங்க மெதுவா மடக்கி நீட்டினா விடுறானா? தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கா? புண்ணுக்கு நடுவுல என்ன நிறம்?


மல்லிப்பட்டினம்காரி | இரவு 7:52

மத்தியானம் அரை டம்ளர் மோர் குடிச்சான், அவ்வளவுதான். ஒண்ணுக்கு ரெண்டு மணிவாக்குல போனான். பாதம் சில்லுனுதான் இருக்கு, உடம்பு கொதிக்குது. பாராசிட்டமால் 6 மணிக்குக் குடுத்தேன், அது தங்கிடுச்சு. சூடு கொஞ்சம் குறைஞ்சும் அவன் எழுந்திரிக்கலை. வழக்கமா காய்ச்சல் விட்டதும் ஓட ஆரம்பிச்சிடுவான், இப்ப மடியிலேயே கிடக்கான், கூப்பிட்டா கண்ணைத் திறந்து பார்த்துட்டு மறுபடி மூடிக்கிறான். முழங்காலைத் தொடவே விடலை. நெறி கட்டியிருக்கு. புண்ணு நடுவுல மஞ்சளா மெத்துன்னு இருக்கு, சுத்திலும் தோல் பளபளன்னு இறுகிக் கிடக்கு.


நைட்ட்யூட்டி | இரவு 7:54

கிளம்புங்க. விளக்கம் எல்லாம் போற வழியில படிச்சுக்கலாம். 108-க்கு போன் போடுங்க, காசு கிடையாது. அக்கம்பக்கத்துல கார் உடனே கிடைச்சா அதுல ஏறிடுங்க, எது முன்னால வருதோ அது.


குழந்தைமருத்துவம்_முதுகலை | இரவு 8:02

நான் குழந்தை மருத்துவத்தில் முதுகலை படித்துக்கொண்டிருப்பவன். குழந்தையைப் பார்க்காமல் இது இன்னது என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் இன்று இரவே போக வேண்டுமா என்ற கேள்விக்கு நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. போக வேண்டும்.

தாத்தா சொன்னது தவறு என்று சொல்ல மாட்டேன். மருந்து தொடங்கிய முதல் 24 மணி நேரத்தில் சிவப்பு சற்றுப் பரவுவது உண்டு, 48 மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும். குழந்தை விளையாடிக்கொண்டு, குடித்துக்கொண்டு, மருந்தை வயிற்றில் தங்க வைத்துக்கொண்டு இருந்தால் அந்தக் கணக்கு செல்லும். இங்கே நிலைமை அப்படி இல்லை. மருந்து உள்ளே தங்கவில்லை, ஆகவே மருந்துக்கு நேரம் கொடுக்கிறோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நேற்று இல்லாத காய்ச்சல் இன்று வந்திருக்கிறது. சூடு குறைந்த பிறகும் குழந்தை தெளியவில்லை. 102 என்ற எண்ணைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. சாதாரண வைரஸ் காய்ச்சலில் 104 வரை போய், பாராசிட்டமால் வேலை செய்ததும் எழுந்து பிஸ்கட் கேட்கும் குழந்தைகளைத் தினமும் பார்க்கிறோம். சூடு இறங்கியும் துவண்டு கிடப்பவனைத்தான் முதலில் உள்ளே அழைப்போம்.

அடுத்தது கால். தோலில் மட்டும் கிருமி இருந்தால் நொண்டுவான், ஆனால் முழங்காலை ஓரளவு மடக்க விடுவான். அசைக்கவே விடவில்லை என்றால் மூட்டுக்குள் சீழ் இருக்கிறதா, எலும்பில் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மூட்டுக்குள் சீழ் நின்றால் குருத்தெலும்பு கெடும். அதற்கு விடியும் வரை காத்திருக்கும் பொறுமை கிடையாது.

புண் நடுவே மெத்தென்று இருப்பது சீழ் கட்டியிருப்பதாக இருக்கலாம். தேங்கிய சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. கீறி வடித்தால்தான் தீரும். நீங்களாக அழுத்திப் பிதுக்க வேண்டாம்.


பாட்டிவைத்தியப்பெட்டி | இரவு 8:05

மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பத்து போடுங்க சகோதரி, ராத்திரியே உறிஞ்சிடும். எங்க வீட்ல எத்தனையோ பேருக்குக் கேட்டிருக்கு.


நைட்ட்யூட்டி | இரவு 8:07

வேண்டாங்க. பத்து, சுண்ணாம்பு, காவி எதுவும் இப்ப அதுமேல வேண்டாம். அது கெட்டதா நல்லதாங்கிற சண்டைக்கு நான் வரலை. டாக்டர் பார்க்க வேண்டியது அந்த ஓரத்தையும் நிறத்தையும்தான். மஞ்சளையும் காவியையும் பூசி கூட்டிட்டு வந்தா சிவப்பு எங்க முடியுதுன்னே தெரியாது. அதைக் கழுவி எடுக்கிறதுக்குள்ள பிள்ளை வலியில துடிச்சிடும். நாங்க படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும்.


மல்லிப்பட்டினம்காரி | இரவு 8:11

பக்கத்து வீட்டு அண்ணன் கார் எடுக்கிறார். தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கே போயிடலாமா, இல்லை பட்டுக்கோட்டை ஜி.எச்.ல காட்டிட்டுப் போகணுமா? மாமியாரும் வர்றாங்க. என்னென்ன எடுத்துக்கணும்?


நைட்ட்யூட்டி | இரவு 8:14

பட்டுக்கோட்டை வழியிலதானே? அங்க அவசரப் பிரிவுல முதல்ல காட்டுங்க. ஊசி வழியா முதல் டோஸ் மருந்தும் சலைனும் அங்கயே ஏத்திட்டு, மேல அனுப்பணும்னா 108-லயே அனுப்புவாங்க. பெரிய ஆஸ்பத்திரின்னு ஒன்றரை மணி நேரம் மருந்தே இல்லாம போறதைவிட இது நல்லது.

சிரப் பாட்டில், சீட்டு, தடுப்பூசி அட்டை, ஆதார், ரெண்டு துணி, ஒரு போர்வை, போன் சார்ஜர். கடைசியா எந்த மருந்து எத்தனை மணிக்கு, கடைசியா என்ன சாப்பிட்டான், இதை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வச்சுக்கங்க. சீழைக் கீறணும்னா மயக்க மருந்து குடுக்கிறவங்க அதைத்தான் கேப்பாங்க. கட்டாயப்படுத்திச் சோறு ஊட்ட வேண்டாம், தண்ணி கேட்டா வாய் வாயா குடுங்க.

இன்னொண்ணு, வாசல்ல போய் "காய்ச்சலுங்க"ன்னு மட்டும் சொல்லி நிக்காதீங்க, ஓ.பி. வரிசையில நிக்க வச்சிடுவாங்க. "நேத்து போட்ட கோட்டைத் தாண்டிடுச்சு, மருந்தைக் கக்குறான், காலை ஊன்ற மாட்டேங்கிறான், சோர்ந்து கிடக்கான்"னு இதே வரிசையில சொல்லுங்க. கோட்டை போன்ல படம் எடுத்து வச்சுக்கங்க, நேரத்தோட.


தாமிரபரணிப்புள்ள | இரவு 8:40

அவங்க போயிட்டு வரட்டும். எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். சிவப்பு, சிவப்புன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எம் மவ நல்ல கருப்பு. அவளுக்கு எறும்பு கடிச்சாலும் சிவக்காது, என்ன புண்ணு வந்தாலும் சிவக்காது. புத்தகத்துல போடுத படமெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைக் காலு. நம்ம பிள்ளைகளுக்கு எதைப் பாத்து முடிவு பண்ண?


குழந்தைமருத்துவம்_முதுகலை | இரவு 9:05

நல்ல கேள்வி. எங்கள் பாடப் புத்தகங்களிலும் இதே குறை உண்டு. கருத்த தோலில் சிவப்பு கருஞ்சிவப்பாகவோ, ஊதா சாயலோடோ, சில சமயம் சுற்றியிருப்பதைவிடச் சற்றுக் கறுத்த திட்டாகவோதான் தெரியும். அதனால் கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். புறங்கையை இந்தக் காலிலும் அந்தக் காலிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் சூட்டின் எல்லை தெரியும். தோல் இறுகிப் பளபளப்பது, தோலின் நுண்ணிய கோடுகள் மறைந்துபோவது, தொட்டால் வலிக்கும் எல்லை, இவற்றை வைத்துக் கோடு போடலாம். வீக்கத்தை நூலால் சுற்றி அளந்து, மறு காலையும் அதே இடத்தில் அளந்து பார்க்கலாம்.

அழுத்தினால் மறையாத சிவப்புப் புள்ளிகள், ஊதாத் திட்டுகள் காய்ச்சலோடு வந்தால் அது தனி ரகம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள், மறையாவிட்டால் ஓடுங்கள். கருத்த குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் மேலண்ணம், கீழிமையின் உட்புறம் இங்கெல்லாம் தேட வேண்டும்.

வலியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேலே பார்த்தால் சின்னப் புண், குழந்தையோ உயிர் போவதுபோல் கதறுகிறது. இந்தப் பொருத்தமின்மை எங்களைப் பயமுறுத்தும். தசையை மூடியிருக்கும் உறையில் கிருமி ஓடும்போது ஆரம்பத்தில் தோல் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. தோல் ஊதாவாகி, கொப்புளம் எழுந்து, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் போகும்போது நேரம் கடந்திருக்கும். அரிதுதான். அம்மை போட்ட குழந்தைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வேன். சின்னம்மையில் நாலைந்து நாள் கழித்து இறங்க வேண்டிய காய்ச்சல் திரும்ப ஏறி, ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் சூடும் வலியும் வந்தால், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வீட்டு வாசல் தாண்டக் கூடாது என்று உட்காராதீர்கள். அம்மைக்கு ஐபுபுரூஃபன் கொடுக்காமல் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.


காவேரிக்கரை | இரவு 9:20

மாரியம்மனே வேப்பிலையோட ஆஸ்பத்திரி வார்டுக்கு வருவா, ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. எங்க அம்மா சொல்றது.


மல்லிப்பட்டினம்காரி | புதன், மதியம் 1:10

எல்லாருக்கும் நன்றி. பட்டுக்கோட்டையில பார்த்த உடனே கையில ஊசி குத்தி ரத்தம் எடுத்துட்டு, சலைனும் மருந்தும் போட்டாங்க. அங்கிருந்து 108-ல தஞ்சாவூர். ராத்திரியே ஸ்கேன் பண்ணினாங்க. முழங்கால் மூட்டுக்குள்ள ஒண்ணுமில்லை, ஆடுசதைக்குள்ள சீழ் கோத்திருக்குன்னு சொல்லி, விடியக்காலையில மயக்கம் குடுத்துக் கீறி எடுத்தாங்க. சீழைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்காங்க. இப்ப 100 டிகிரி. பத்து மணிக்கு இட்லி கேட்டான். மாமியார் அழுதுட்டாங்க.

ஒரே ஆத்திரமா இருக்கு. முதல்ல பார்த்தவங்க அப்பவே அட்மிட் பண்ணச் சொல்லியிருந்தா இந்த வேதனை இருக்காதே?


குழந்தைமருத்துவம்_முதுகலை | மதியம் 2:30

ஆத்திரம் புரிகிறது. ஆனாலும் அவர் பக்கம் பேசுகிறேன். காய்ச்சல் இல்லை, நடக்கிறான், சாப்பிடுகிறான் என்ற நிலையில் தோலில் சிறு சிவப்போடு வரும் குழந்தைக்கு வாய் வழி மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதுதான் முறை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். அவர் கோடு போட்டு அனுப்பினார், நல்ல காரியம். கோட்டைத் தாண்டினால் இரவானாலும் எங்கே போக வேண்டும் என்பதை ஒரு வரி சொல்லியிருக்கலாம், அது விட்டுப்போயிற்று. இங்கே படிப்பவர்கள் யாராக இருந்தாலும், டாக்டர் அறையை விட்டு எழுந்திருக்கும் முன் "என்ன ஆனால் காத்திருக்காமல் வரணும், அப்போது கிளினிக் பூட்டியிருந்தால் எங்கே போகணும்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அவசரத்தில் மறப்போம்.


கொங்குத்தாத்தா | மதியம் 2:52

சாமி புண்ணியம். பையன் நல்லா இருக்கட்டும். நாஞ்சொன்னது எம்பட பேத்தி ஓடியாடிட்டு இருந்ததுனாலங்க. அவ மருந்தைக் கக்கலைங்க.

ஆனா ஒண்ணு கேக்கோணும். மெடிக்கல் ஷாப்புல எல்லாத்துக்கும் ஒரே ட்யூப் குடுக்கறாங்களே, படை, சொறி, புண்ணு எதுன்னாலும். அது போட்டா அடுத்த நாளே செவப்பு கொறையுதுங்க. அதைப் போட்டுட்டு ரெண்டு நாளு பாக்கலாம்ல?


நைட்ட்யூட்டி | மாலை 4:05

அதுதான் தாத்தா பெரிய தொல்லை. அந்த ட்யூப்ல பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பின்பக்கம் பொடி எழுத்துல பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால்னு இருக்கான்னு பாருங்க. ஸ்டீராய்டு சிவப்பை அமுக்கும், கிருமியைக் கொல்லாது. மேல பார்த்தா ஆறின மாதிரி இருக்கும், உள்ள வேலை நடந்துட்டே இருக்கும். அதைப் பூசிட்டு நாலாம் நாள் வர்ற பிள்ளைகளுக்குக் கோடு போட்டும் பிரயோஜனம் இல்லை, சிவப்பே பொய் சொல்லும்.

சிரப் விஷயத்துலயும் ரெண்டு வார்த்தை. இந்த மருந்து தூளா வரும், கொதிக்க வச்சு ஆறின தண்ணியைக் குறி வரைக்கும் ஊத்தி நல்லாக் குலுக்கணும். ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், ஒரு வாரத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாது. போன தடவை மிச்சம் இருந்ததைக் குடுத்தேன்னு சொல்றவங்களை வாரம் ஒருத்தராவது பார்க்கிறேன். பாராசிட்டமாலும் அப்படித்தான். ஒரே பேர்ல 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் இருக்கு, 250-ம் இருக்கு. சொட்டு மருந்துன்னா 1 மில்லிலயே 100. வீட்டுக் கரண்டியால அளக்காதீங்க, கூட வர்ற மூடி இல்லைன்னா சிரிஞ்ச். கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேண்டாம்.


வேலூர்வெயில் | மாலை 5:18

இங்கே யாரும் சொல்லாத ஒண்ணைச் சேர்க்கிறேன். புண்ணு நடுவுல என்ன நிறம்னு அந்த நர்ஸ் கேட்டாங்களே, அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. சிகரெட்டால சுட்ட மாதிரி வட்டமா, கருப்பா, வலியே இல்லாத ஒரு பொருக்கு. கூடவே விடாத காய்ச்சல். அது ஸ்க்ரப் டைஃபஸ். புல்லு, புதர்ல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உண்ணிப் பூச்சிக்குஞ்சு கடிச்சு வர்றது. எங்க பக்கம் மழைக்கப்புறம், பனிக்காலம் முடியற வரைக்கும் நிறைய பார்க்கலாம். என் தங்கச்சி பொண்ணுக்கு வந்தப்போ அந்தப் பொருக்கு அக்குள்ல இருந்துச்சு. குளிப்பாட்டுறப்போ யாரும் கவனிக்கலை, ஆஸ்பத்திரியில கையைத் தூக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சாங்க. அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னாடி, தொப்புள் பக்கம் பார்க்கணுமாம். இதுக்கு அமாக்ஸிசிலின் கேக்காது, டாக்ஸிசைக்ளின் இல்லன்னா அஸித்ரோமைசின்தான். அஞ்சு நாளைக்கு மேல காய்ச்சல் போனா இதுக்கும் ரத்தப் பரிசோதனை எடுக்கணுமான்னு நீங்களே கேளுங்க.


குழந்தைமருத்துவம்_முதுகலை | மாலை 5:40

வேலூர்வெயில் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.


ரெட்டைஜடை | மாலை 6:15

இந்த இழையைப் பார்த்துட்டுப் பயந்து போய்க் கேக்கறேன். என் பொண்ணுக்கு அஞ்சு வயசு, மூணு நாளா சளி. இன்னைக்குக் காலையில இடது கண் இமை வீங்கிப் பாதி மூடியிருக்கு. கண்கட்டின்னு நினைச்சு வெந்நீர் ஒத்தடம் குடுத்தேன். 100 காய்ச்சல், நல்லாத்தான் டிவி பார்க்கறா.


குழந்தைமருத்துவம்_முதுகலை | மாலை 6:22

இன்றே காட்டுங்கள், நாளைக்கு ஒத்திப்போட வேண்டாம். நல்லபடியாக டிவி பார்ப்பது ஆறுதலான செய்தி, ஆனால் கண்ணைச் சுற்றிய வீக்கத்துக்கு நான் அந்தச் சலுகையைத் தருவதில்லை. சளியோடு சைனஸில் தேங்கிய கிருமி ஒரு மெல்லிய எலும்புத் தகட்டைத் தாண்டினால் கண்குழிக்குள் வந்துவிடும்.

கிளம்பும் முன் இமையை மெதுவாகத் திறந்து பாருங்கள். கண் முன்னே பிதுங்கியிருக்கிறதா? உங்கள் விரலைப் பார்த்து மேலும் கீழும், இடமும் வலமும் கண்ணை ஓட்டச் சொல்லுங்கள், வலிக்கிறது என்கிறாளா, ஒரு பக்கம் நகரவில்லையா, இரண்டாகத் தெரிகிறதா? நல்ல கண்ணை மூடிவிட்டு இந்தக் கண்ணால் படிக்க முடிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் நேராக சி.டி. ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரி. இல்லாவிட்டால் அருகிலுள்ள குழந்தை மருத்துவர் போதும், ஆனால் இன்றே.


ரெட்டைஜடை | மாலை 6:30

கண்ணை ஓட்டறா, வலி இல்லைங்கறா. படிக்கறா. கிளம்பிட்டோம்.


வடமராச்சிப்பெடியன் | இரவு 7:12

எங்கட பக்கம் ஆம்புலன்சுக்கு 1990 அடிக்கோணும், இஞ்ச வாசிக்கிற இலங்கை ஆக்கள் குறிச்சு வையுங்கோ. காய்ச்சல் எண்டால் மூண்டாம் நாள் ரத்தம் பாக்கச் சொல்லித்தான் டொக்டர்மார் சொல்லுவினம், டெங்குவுக்காக. டெங்குவில காய்ச்சல் விடேக்கதான் கவனம். சூடு இறங்கீட்டுது எண்டு சந்தோசப்படுற நேரத்தில வயித்துக் குத்து, விடாத சத்தி (வாந்தி), முரசில (பல் ஈறில) ரத்தம், கை கால் குளிர், பிள்ளை அந்தரப்படுறது இப்பிடி ஏதும் கண்டால் உடனை வாட்டுக்குக் கொண்டு போகோணும்.

எனக்கொரு கேள்வி. தங்கச்சின்ர பிள்ளைக்கு ஒண்டரை மாசம். 100.6 காட்டுது. பால் குடிக்கிறான், வேற ஒண்டுமில்லை. இவ்வளவு நேரமும் நீங்கள் சொன்னபடி பாத்தால் பொறுக்கலாம்தானே?


நைட்ட்யூட்டி | இரவு 7:14

பொறுக்கக் கூடாது. மூணு மாசத்துக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. 100.4-ஐத் தொட்டாலே ஆஸ்பத்திரிதான், பால் குடிச்சாலும் சரி, சிரிச்சாலும் சரி. பாராசிட்டமால் குடுத்து இறங்குதான்னு பார்க்கிறதும் வேண்டாம். அந்த வயசுல ரத்தத்துல கிருமி இருந்தாலும் வெளியில காட்டாது. சில நேரம் காய்ச்சலுக்குப் பதிலா உடம்பு சில்லிட்டுப் போகும், அதுவும் ஆபத்துதான். இப்பவே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.


வடமராச்சிப்பெடியன் | இரவு 7:16

சரி. கோல் எடுத்துச் சொல்லுறன்.


தாமிரபரணிப்புள்ள | வியாழன், காலை 10:45

மூச்சு வாங்குதுன்னு சொல்லுதாங்களே, அதை எப்படி எண்ணணும்? பிள்ளை அழுதா வேகமாத்தான இருக்கும்?


நைட்ட்யூட்டி | காலை 11:20

அழறப்போ எண்ணாதீங்க. தூங்கறப்போ, இல்லைன்னா மடியில அமைதியா இருக்கிறப்போ, சட்டையைத் தூக்கிட்டு வயிறு ஏறி இறங்கறதை முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்குறது வேண்டாம், சின்னப் பிள்ளைங்க மூச்சு ஒரே சீரா இருக்காது. ரெண்டு மாசத்துக்குள்ள 60, ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசு வரை 50, ஒண்ணுல இருந்து அஞ்சு வயசு வரை 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகம்தான், அன்னைக்கே காட்டணும். மூச்சு இழுக்கிறப்போ விலாவுக்குக் கீழ உள்வாங்கிக் குழி விழுந்தா எண்ணிக்கையெல்லாம் பார்க்கவே வேண்டாம், கிளம்பிடுங்க. எதுவும் குடிக்க முடியலை, குடிச்சதெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினா எழும்பலைன்னாலும் அப்படியே. அங்கன்வாடி அக்காவும் கிராம நர்ஸும் இதைத்தான் பார்ப்பாங்க, இதுக்கு மெஷின் வேண்டாம்.

வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையில இரும்புச் சாவி, வாயில கரண்டி எதுவும் வேண்டாம். மணி பாருங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா 108.


ரெட்டைஜடை | காலை 11:50

பொண்ணுக்கு இமையோட வெளிப்பக்கம் மட்டும்தானாம், கண்ணுக்குள்ள போகலை. மருந்து குடுத்து நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. ராத்திரி கண் பிதுங்கினா எங்க போகணும்னு கேட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, சீட்டுக்குப் பின்னாடி ஆஸ்பத்திரி பேரும் நம்பரும் எழுதிக் குடுத்தார்.


மல்லிப்பட்டினம்காரி | சனி, மாலை 5:30

சீழ்ல ஸ்டாஃபைலோகாக்கஸ்னு ஒரு கிருமி வந்திருக்கு. ஊசி மருந்தை அதுக்கேத்த மாதிரி மாத்தினாங்க. காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சு, வார்டு முழுக்க ஓடறான், பக்கத்துப் பெட் பையனோட பொம்மைக்குச் சண்டை. திங்கக்கிழமை அனுப்பலாம்னு சொல்றாங்க. அப்புறம் வாய் மருந்தாம். வீட்டுக்குப் போனதும் என்னத்தைப் பார்க்கணும்? மறுபடி வருமா?


நைட்ட்யூட்டி | மாலை 6:10

மருந்தை முழுக்க முடிங்க, ஓடறான்னு பாதியில நிறுத்தாதீங்க. நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க, கடி வந்தா சொறியறதுலதான் ஆரம்பிக்குது. அவனோட துண்டை வீட்ல வேற யாரும் தொட வேண்டாம். வேற யாருக்காவது அடிக்கடி கட்டி வருதான்னு பாருங்க, அந்தக் கிருமி மூக்குலயும் தோல்லயும் சும்மா தங்கியிருக்கும். புதுசா சிவப்பு, திரும்பக் காய்ச்சல், மறுபடி காலை ஊன்ற மறுக்கிறதுன்னா அன்னைக்கே வாங்க.


குழந்தைமருத்துவம்_முதுகலை | மாலை 6:45

ஒன்று மட்டும் சேர்க்கிறேன், உங்கள் பையனைவிட இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. தோல் புண்ணுக்கு இன்னொரு காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறொரு கிருமி. அதனால் வந்த புண், சிரங்கு ஆறி, எல்லாரும் மறந்துவிட்ட பிறகு சிலருக்குச் சிறுநீரகத்தில் பிரச்சினை வரும். காலையில் எழும்போது கண்ணைச் சுற்றி முகம் உப்பியிருக்கும், சிறுநீர் குறைந்து கட்டன் காப்பி நிறத்தில் போகும். ரத்த அழுத்தம் ஏறி, தலைவலி, வலிப்பு வரைக்கும் போகலாம்.


மல்லிப்பட்டினம்காரி | மாலை 6:50

எத்தனை நாளைக்குப் பார்க்கணும் சார்? இங்க ஸ்டாஃபைலோகாக்கஸ்னுதானே வந்திருக்கு?


குழந்தைமருத்துவம்_முதுகலை | மாலை 6:58

ஆமாம், உங்களுக்கு வாய்ப்புக் குறைவு. ஆனாலும் இரண்டும் ஒரே புண்ணில் சேர்ந்து இருப்பது உண்டு. ஆறு வாரம் வரை பாருங்கள். முகம் உப்பினாலோ சிறுநீர் நிறம் மாறினாலோ அன்றே சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள், பட்டுக்கோட்டையிலேயே செய்வார்கள்.